முதல் டர்போ கார்: பழையதாக வாங்கி, தினமும் ஓட்டி, பிறகு டியூன் செய்ய ஒரு வழிகாட்டி

தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. போக வர ஐம்பது கிலோமீட்டர், அதில் பாதி ஊர்ந்து போகும் டிராஃபிக். மாதம் ஒருமுறை ஏலகிரியோ கொல்லிமலையோ ஏறினால்தான் மனசு ஆறும். புது வண்டிக்குக் காசு போதாது, ஆனால் ஓட்டும்போது ஒரு சிரிப்பு வர வேண்டும். இந்த நிலையில் இருக்கிற தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இங்கேதான் நின்றேன். தெரியாமல் வாங்கி, தெரிந்துகொள்ள நிறையச் செலவழித்தேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டியூன் செய்ய, அதாவது வண்டியின் சக்தியும் பிடிப்பும் கூடும்படி மாற்றங்கள் செய்ய ஆசை இருந்தால், யாரும் கை வைக்காத காராகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே ரீமேப் (சக்தி கூட எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது), பெரிய ஏர் ஃபில்டர், தாழ்த்திய ஸ்பிரிங் எல்லாம் போட்ட வண்டி மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அதன் கிளட்சும் டர்போவும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) கியர்பாக்ஸும் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன என்று யாராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் எட்டு லட்சம் இருந்தால் எட்டு லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். ஆறரை லட்சத்துக்குத் தேடுங்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் டயர், பிரேக், ஆயில்கள், சஸ்பென்ஷன் புஷ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு. 195/55 ஆர்16 அளவில் நல்ல டயர் நான்கு போட்டாலே முப்பது, நாற்பதாயிரம் ஆகிவிடும். இந்தப் பணம் ஒதுக்காமல் வாங்கியவர்கள்தான் தேய்ந்த டயரோடு ரீமேப் செய்துவிட்டு மழையில் சறுக்குகிறார்கள்.

எந்தக் கார்?

நம் சந்தையில் இந்த ஆசைக்கு ஏற்ற சின்ன கார்கள் கைவிரலில் எண்ணக்கூடியவைதான்.

ஃபோக்ஸ்வாகன் போலோதான் பெரும்பாலோர் முதலில் கேட்பது. 2013-இல் வந்த ஜி.டி. டிஎஸ்ஐ-யில் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பி.எஸ். (குதிரைத்திறன்), ஏழு கியர் டி.எஸ்.ஜி. எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஓட்ட அருமையான வண்டி. ஆனால் அந்த டி.எஸ்.ஜி. எண்ணெயில் குளிராத உலர் கிளட்ச் வகை. சிறுசேரி போகும் ஓ.எம்.ஆர். ரோட்டில் அரை கிளட்சில் ஊர்வது அதற்கு ஆகவே ஆகாது. அதன் மெக்கட்ரானிக் யூனிட் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டால் பில் லட்சத்தைத் தொடும். தினமும் நகரத்துக்குள் ஓட்டப் போகிற புதியவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அதே போலோவில் 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐ வேறு கதை: 110 பி.எஸ்., 175 என்.எம். இழுவை, ஆறு கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் அதே எஞ்சினோடு டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை) ஆறு கியரும் உண்டு, டிராஃபிக்கைத் தாங்கும். என் முதல் சிபாரிசு இந்த மேனுவல்தான். 2022-இல் போலோ நின்றுவிட்டது. ஆனால் இதே 1.0 எஞ்சின் டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியாவில் ஓடுகிறது, அதனால் எஞ்சின் பாகங்களுக்குப் பயம் வேண்டாம்.

போலோவின் ஜி.டி. டிடிஐ டீசலில் 250 என்.எம். இழுவை. நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இன்றும் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் பெரும்பாலானவை லட்சம் கிலோமீட்டர் தாண்டியவை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முழுதாகப் போய்விடும். டெல்லியில் பத்து வருடம் கடந்த டீசலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அங்கிருந்து இந்த வண்டிகள் தெற்கே மலிவாக வந்தன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், இங்கே மறுபதிவும் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாருதி பலேனோ ஆர்.எஸ். பலர் மறந்துபோன நல்ல கார். 2017-இல் வந்தது. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட், 102 பி.எஸ்., 150 என்.எம்., ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எடை குறைவு. பம்பரும் எஞ்சினும் தவிர மற்றவை பெரும்பாலும் சாதாரண பலேனோதான், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். அந்த எஞ்சின் வகை இப்போது ஃப்ரான்க்ஸ் டர்போவிலும் வருகிறது.

நம் ஊர் இருங்காட்டுக்கோட்டையிலேயே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தது, 120 பி.எஸ். இந்த வரிசையில் புதியது, அதனால் விலையும் அதிகம். 2023-க்கு முந்தையவற்றில் கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. அல்லது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். முறையான ஆறு கியர் மேனுவல் 2023 செப்டம்பரில்தான் வந்தது.

ஃபியட் புன்டோ அபார்த் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 145 பி.எஸ். 1.4 டி-ஜெட் எஞ்சின், கேட்டாலே நெஞ்சு துடிக்கும். எனக்கும் மிகவும் பிடித்த கார். ஆனால் கம்பெனி இங்கே கார் விற்பதையே விட்டுவிட்டது. வீட்டில் இன்னொரு கார் இருந்து, பாகம் வர மாதக்கணக்கில் காத்திருக்கவும் முடியும் என்றால் எடுங்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக இது மட்டும்தான் என்றால் வேண்டாம்.

பார்க்கப் போகும் முன் காகிதம்

விற்பவரிடம் ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எத்தனையாவது ஓனர், பேங்க் கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது எல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதத்தையும் பார்த்துவிடுங்கள்.

பாலிசியில் ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம்? அது ஒவ்வொரு கிளெய்ம் இல்லாத வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்தாறு வருட வண்டிக்கு 50 இருந்தால் நல்ல அறிகுறி. பூஜ்யமோ 20-ஓ இருந்தால் சமீபத்தில் கிளெய்ம் போயிருக்கலாம், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள். போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு உரியது. ஓனர் தன் பழைய காரிலிருந்து கொண்டு வந்ததாகவும் இருக்கலாம், அதனால் இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரி பி.ஒய். பதிவு வண்டிகள் சென்னையில் ஏராளம். அங்கே வரி குறைவு என்பதால் வாங்கியவை. அதை உங்கள் பெயரில் டி.என். எண்ணுக்கு மாற்ற என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) இங்கே வரியும் வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

காலை ஏழு மணிக்குப் போங்கள்

முதல்முறை பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். போனில் பேசும்போதே "அண்ணா, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லுங்கள். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஒருமுறை பெருங்குடியில் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் கை வைத்தபோது பானெட் சுட்டது. "இப்பதான் கழுவி நிறுத்தினேன் சார்" என்றார். சாயங்காலம் சொல்லாமல் போய் இன்னொருமுறை பார்த்தேன். நான்கு மணி நேரம் நின்றிருந்த அந்த டீசல் ஸ்டார்ட் ஆக எட்டு விநாடி இழுத்தது. நீலப் புகையும் வந்தது.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக் கேளுங்கள். முதல் இரண்டு விநாடிக்கு மேல் கடகடவென்று சங்கிலிச் சத்தம் வருகிறதா? ஐடிலில் வண்டி நடுங்குகிறதா? நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இந்த டர்போ எஞ்சின்களில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, கரி படியும். லேசான நடுக்கத்துக்கு அது காரணமாக இருக்கலாம், சுத்தம் செய்ய முடியும். சூடானபின் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலரேட்டரை ஒருமுறை அமுக்கும்போது பின்னால் நீலப் புகை குபீரென்று வந்தால் டர்போ சீல் ஆயில் விடுகிறது என்று சந்தேகப்படலாம். அது செலவு.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், புளூடூத் வகை. மாட்டினால் போன் செயலியில் கோளாறுக் குறியீடுகள் தெரியும். எந்தக் குறியீடும் இல்லை என்றதும் நிம்மதி ஆகிவிடாதீர்கள். அதே செயலியில் 'ரெடினஸ் மானிட்டர்' (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் நேற்றோ இன்றோ யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரில் நின்ற காரா?

சென்னையில் வாங்குபவர்கள் இந்தப் பகுதியை இரண்டுமுறை படியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் ஸ்டீயரிங் உயரத்துக்கு மூழ்கின. இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆனவை ஏலத்தில் போய், துடைத்து, வேறு மாவட்டத்து கன்சல்டிங் கடைகளில் பளபளவென்று நின்றன.

என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் ஒருமுறை கதவைத் திறந்ததும் வேறு எதையும் பார்க்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் மெதுவாக இழுத்தார். வெளியே தெரிகிற ஒரு முழம் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு சாண் வெளுத்து, ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு. விரலால் தேய்த்தார், மண். "தம்பி, சீட்டை மாத்தலாம், கார்பெட்டை மாத்தலாம். இதை யாரும் மாத்த மாட்டாங்க. வா போலாம்" என்றார். இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து நானும் முதலில் பெல்ட்டைத்தான் இழுக்கிறேன். அதோடு ஸ்டெப்னி குழியில் துரு, ஃபியூஸ் பாக்ஸ் உள்ளே வண்டல், சீட்டுக்கு அடியில் போல்ட்டில் துரு, ஏ.சி. போட்டதும் வரும் பூஞ்சை வாசனை ஆகியவற்றையும் பாருங்கள்.

அடிபட்ட காரைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். பானெட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள வருடக் குறி ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் காரணம் கேளுங்கள். பட்டி பார்த்த இடத்தில் மெல்லிய காந்தம் ஒட்டாது. ஒரு கதவுக்கு டச்சப் செய்திருந்தால் நம் ஊர் ரோட்டில் அது சாதாரணம். முன்னால் ரேடியேட்டர் தாங்கும் சட்டமோ சேஸிஸ் நுனியோ வெல்டிங் ஆகியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

மீட்டர் திருப்பியிருக்கிறார்களா என்பதற்குப் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம் ஆகிய மூன்றும் சாட்சி. நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. ஓனர் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரத்தில் தயாரான டயர்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் இருபது நிமிடம் பாட்டு வேண்டாம், ஏ.சி. வேண்டாம், பேச்சும் வேண்டாம். காலி ரோட்டில் நான்காம் கியரில் 50-இல் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக அமுக்குங்கள். ஆர்.பி.எம். முள் தாவி ஏறி, வண்டி அதே வேகத்தில் நின்றால் கிளட்ச் சறுக்குகிறது. என் முதல் காரில் இதைத்தான் நான் செய்யாமல் விட்டேன். டீசல், சுத்தமான பாடி, தாராளமாகச் சிரித்த விற்பவர். அதில் ரீமேப் போட்டு ஓட்டி, விற்கும் முன் பழைய மேப்புக்கு மாற்றியிருந்தார்கள் என்பது மூன்றாம் வாரம் ஏற்காட்டு ஏற்றத்தில் கிளட்ச் கருகிய வாசனை வந்தபோதுதான் தெரிந்தது. வொர்க்ஷாப்பில் இறக்கிப் பார்த்தபோது டர்போ ஹோஸ் கிளாம்ப் எல்லாம் கம்பெனி வகை இல்லை, ஈ.சி.யூ. (எஞ்சின் கணினி) மூடித் திருகுகளில் கீறல். இப்போது அந்த இரண்டையும் வாங்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

ஆட்டோமேட்டிக் என்றால் நன்றாகச் சூடானபின், டிராஃபிக்கில் ஒன்று, இரண்டு கியருக்குள் குலுங்குகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸில் மேடு ஏற்றிப் பாருங்கள். ஸ்பீடு பிரேக்கரைக் கொஞ்சம் குறுக்காக ஏறி இறங்கினால் சஸ்பென்ஷன் புஷ் போயிருப்பது 'டக்' என்று பேசும். 80-இல் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. கணக்குப் போட்டு விலையில் குறையுங்கள். கியர்பாக்ஸ், டர்போ, சேஸிஸ் மூன்றில் சந்தேகம் வந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பாருங்கள். இரண்டாயிரம் கேட்டாலும் கொடுங்கள்.

பெயர் மாற்றம்

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28. முழுப் பணத்தையும் இவை கைக்கு வந்தபிறகு பேங்க் வழியாகவே கொடுங்கள். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாமல் நீங்கள் முட்டினால், உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். "பெயர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று விற்பவரே சொன்னாலும் கேட்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது அவருக்கும் ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் மூன்று மாதம் எதையும் கூட்டாதீர்கள்

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் ஒரே தடவையில் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மலை இறக்கத்தில் சூடாகிப் பெடல் பஞ்சு போல் இறங்கும். ஆயிலை கம்பெனி சொன்ன தரத்தில் முழு சின்தெடிக்காகப் போடுங்கள். கம்பெனி 15,000 கிலோமீட்டர் என்றாலும் நகர டிராஃபிக்கில் ஓடும் டர்போவுக்கு நான் 8,000-இல் மாற்றுகிறேன்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த கார்களில் பல இ20-க்காகச் செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் ஹோஸ், சீல்களை சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், பதறாதீர்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலியாக விடாதீர்கள்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு சின்ன நோட்டில் மைலேஜ், ஆயில் அளவு, கூலன்ட் அளவு எழுதுங்கள். வண்டியின் இயல்பு என்ன என்று தெரிந்தால்தான் டியூன் செய்தபின் எது மாறியது என்று புரியும்.

இப்போது டியூன்

முதலில் டயர். போலோவில் கீழ் மாடலுக்கு 15 அங்குலம், மேல் மாடலுக்கு 16 வந்திருந்தால், கம்பெனி அதே காருக்குக் கொடுத்த அந்த அளவோடு நில்லுங்கள். 17-க்குப் போனால் பள்ளத்தில் ரிம் வளையும், வண்டி கனமாகும், ஸ்பீடோமீட்டர் தவறும். அடுத்து பிரேக் பேட். அதற்கடுத்து ஷாக் அப்சார்பர். இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாக ஏறி இறங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு ரீமேப் ஆசை அங்கேயே தணிந்துவிடும், வண்டி அவ்வளவு மாறியிருக்கும்.

இன்னும் ஆசை இருந்தால் ஸ்டேஜ் 1, அதாவது ரீமேப்பின் முதல் படி. வெறும் மென்பொருள் மாற்றம்தான். 1.0 டிஎஸ்ஐ-யில் 110 என்பது 130-ஐத் தாண்டும். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் முன்னும் பின்னும் ஓட்டி அச்சிட்டுத் தருகிற, பழைய மேப்பைப் பத்திரமாக வைத்துத் திருப்பிப் போட்டுத் தருகிற டியூனரிடம் மட்டும் போங்கள். லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்தில் முடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். வாரன்டி மிச்சமிருந்தால் அது போய்விடும் என்று தெரிந்தே செய்யுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். சைலன்சரைப் பிடுங்கி வெடிச்சத்தம் போடுவது சட்டத்துக்கும் விரோதம், அதே தெருவில் தூங்கும் குழந்தைக்கும் விரோதம். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

வேகம் பார்க்க ஈ.சி.ஆர். வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்கும் அந்த ரோட்டில் மீனவர்களும் மாடுகளும் நடைப்பயிற்சிக்காரர்களும் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சொந்தக் காரோடு கட்டணம் கட்டி ஓட்டும் நாட்கள் அறிவிக்கும்போது பெயர் கொடுங்கள். ஹெல்மெட், மூடிய ஷூ, புது பிரேக் ஆயில் இருந்தால் போதும். ஒரு முழு நாள் அங்கே ஓட்டினால் உங்கள் காரைப் பற்றி ஒரு வருடத்தில் தெரியாதது தெரியும்.

கழற்றிய கம்பெனி ஷாக், பேட், ஏர் பாக்ஸ், ரிம் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். துடைத்து, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் கழற்றியது என்று சீட்டு எழுதிப் பரணில் வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, காலை ஏழு மணிக்கு வந்து பானெட்டில் கை வைக்கப் போகிற பையனிடம் அந்தப் பெட்டியையும் நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.